சிறுநீரில் வலியில்லாத ரத்தம்: ஆரம்பநிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு டெல்டாவாசிகளுக்கான முழு வழிகாட்டி

ஒரு நாள் ஒண்ணுக்குப் போகும்போது ரத்தம் கலந்து வருகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டொரு நாளில் தானாகவே நின்றும் விடுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இதற்கு வீட்டிலேயே பெயர் வைத்துவிடுவார்கள்: உடம்புச் சூடு. இளநீர், வெந்தயத் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு என்று வைத்தியமும் உடனே தொடங்கிவிடும். ரத்தம் எப்படியும் நிற்கத்தான் போகிறது, ஏனென்றால் சிறுநீர்ப்பைக் கட்டியின் இயல்பே விட்டு விட்டுக் கசிவது. நின்றதற்கான பெருமை இளநீருக்குப் போகும். அடுத்த கசிவுக்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம், அதுவரை கட்டி உள்ளே வளரும்.

இந்த வழிகாட்டி ஆரம்பநிலை பற்றியது. சிறுநீர்ப்பையின் சுவரில் உட்புறம் மெல்லிய உள்தோல், அதற்குக் கீழே ஓர் இணைப்புப் படலம், அதற்கும் கீழே பையைச் சுருக்கி சிறுநீரை வெளியேற்றும் தடித்த தசை, கடைசியாகக் கொழுப்பு. கட்டி தசையைத் தொடாதவரை அது ஆரம்பநிலை. உலக அளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். இவர்களுக்கு வயிற்றைத் திறக்காமல், சிறுநீர்த் துவாரம் வழியாகவே சிகிச்சை செய்ய முடியும். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுப்பது அல்லது கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சை என்று பேச்சே வேறு.

படி 1: பார்த்ததைக் குறித்து வையுங்கள்

ரத்தம் கலந்த சிறுநீர் இளஞ்சிவப்பாகவோ, கறி கழுவிய தண்ணீர் நிறத்திலோ, கடுந்தேநீர் நிறத்திலோ இருக்கலாம். முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும் நாளில் சிறுநீர் தெளிவாக இருக்கும். அந்தப் படம்தான் சாட்சி. ரத்தம் தொடக்கத்தில் வந்ததா, கடைசியில் வந்ததா, முழுக்கவே வந்ததா, கட்டி கட்டியாக வந்ததா என்பதையும் எழுதிவையுங்கள்.

ரத்தம் போலத் தோன்றும் வேறு சில உண்டு. பீட்ரூட் நிறையச் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். இடுப்பிலிருந்து தொடைச்சந்து வரை இழுத்துப் பிடிக்கும் வலியோடு ரத்தம் வந்தால் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். சேற்று வயலில் வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் என்று வந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். பாம்பு கடித்தபின் சிறுநீர் சிவந்தால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது என்று பொருள். இந்த இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இவை எதுவும் இல்லாமல், நாற்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரே ஒரு முறை கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வந்திருந்தாலும் யூராலஜி (சிறுநீர்ப்பாதை நோய்) டாக்டரைப் பார்க்க வேண்டும். மறுபடி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். “ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், அதனால்தான்” என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் சரியல்ல. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை, அங்கே ஏற்கெனவே இருக்கும் கட்டியைச் சீக்கிரம் கசியவைத்துக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

பெண்களுக்குத் தாமதம் இன்னும் கூடுதல். நடவு, களைபறிப்பு என்று பகல் முழுக்கச் சிறுநீரை அடக்குவதால் நீர்க்கடுப்பு அவர்களுக்கு அடிக்கடி வரும்; ஆகவே எல்லா ரத்தத்துக்கும் நோய்த்தொற்று மாத்திரையே பதிலாகிவிடுகிறது. மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் சிறுநீரில் வருகிறதா, பிறப்புறுப்பிலிருந்து வருகிறதா என்பதே சில சமயம் தெளிவாக இருக்காது. இரண்டில் எதுவானாலும் பார்த்தே ஆகவேண்டிய ரத்தம் அது. சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ஆனால் கடுப்பு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால், தட்டையாகப் பரவும் ஒருவகைப் புற்று அப்படித்தான் வேடம் போடும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு. புகைப்பவருக்குப் புகைக்காதவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. பீடியோ சிகரெட்டோ உறையூர்ச் சுருட்டோ, கணக்கு ஒன்றுதான். புகையிலுள்ள அரோமாட்டிக் அமீன்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வடிந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கின்றன. அதே வகை ரசாயனங்கள் சில சாயங்களிலும், ரப்பர், தோல் தொழில்களிலும் உண்டு. சாயப்பட்டறை, பெயிண்டிங், அச்சகம் போன்றவற்றில் பல ஆண்டுகள் இருந்தவர் வேலையை விட்டு இருபது ஆண்டு ஆகியிருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். முன்பு கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்து எடுத்தவர்கள், சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீண்டநாள் சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்கள் ஆகியோரும் சொல்ல வேண்டும்.

படி 2: பரிசோதனைகள்

முதலில் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் இருந்தால் அது கணக்கில் சேரும். கல்ச்சர் மாதிரியை ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் கொடுத்தால் முடிவு குழம்பும்.

அடுத்தது வயிற்று ஸ்கேன். பை நிரம்பியிருந்தால்தான் சுவர் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் காக்கவைத்து, தாங்காமல் பாத்ரூம் போய்வந்து, காலிப் பையோடு எடுத்த ஸ்கேனுக்கு மதிப்பு குறைவு. அரை சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டியையும் தட்டையான புற்றையும் ஸ்கேன் தவறவிடும். ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்பது இந்த நோயில் முடிவு அல்ல. அதிகமானோர் ஏமாறுவது இங்கேதான்.

சைட்டாலஜி என்பது சிறுநீரில் உதிர்ந்துவரும் செல்களைப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுக்காதீர்கள்; இரவு முழுக்க ஊறிய செல்கள் சிதைந்திருக்கும். இரண்டாம் முறை போவதே நல்லது. மூன்று நாள் மூன்று மாதிரி கேட்பார்கள். வீரியமான புற்றை இது நன்றாகக் காட்டும். வீரியம் குறைந்ததைப் பெரும்பாலும் காட்டாது.

சிறுநீரகம், சிறுநீர்க்குழாய் எல்லாவற்றையும் பார்க்க சி.டி. யூரோகிராம். அதற்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பார்த்தாக வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும். கட்டியைச் சுரண்டியபின் பைச்சுவர் வீங்கியிருக்கும், படம் ஆழத்தைச் சரியாகக் காட்டாது. எனவே இந்த சி.டி. அறுவைக்கு முன்பே எடுக்கப்படுவதுதான் முறை.

படி 3: உள்ளே பார்ப்பது

சிஸ்டாஸ்கோப்பிதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. லிக்னோகெயின் ஜெல்லியைத் துவாரத்தில் செலுத்தி, சில நிமிடம் மரத்துப்போக விட்டு, மெல்லிய கேமராவை நுழைப்பார்கள். வளையும் கருவி என்றால் பத்து நிமிட வேலை, அன்றே வீடு. வளையாத கருவி மட்டும் இருக்கும் இடங்களில் முதுகில் ஊசி போட்டுச் செய்வார்கள். ஒன்றிரண்டு நாள் எரிச்சலும் லேசான சிவப்பும் வரும். குளிர்காய்ச்சல் வந்தால் திரும்பப் போக வேண்டும். ஆண்கள் இதற்கு வெட்கப்பட்டும் பயந்தும் தள்ளிப்போடுவது சகஜம். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, சிறுநீர் கழிப்பதுபோல் தளர்த்திக் கொடுத்தால் கருவி சுலபமாக உள்ளே போகும்.

படி 4: கட்டியைச் சுரண்டி எடுப்பது

இதற்கு டி.யூ.ஆர்.பி.டி. என்று பெயர். மின்சாரக் கம்பி வளையத்தால் கட்டியைத் துண்டு துண்டாகச் சீவி எடுத்து, ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பார்கள். வெளியே தையல் எதுவும் இருக்காது. கட்டியை நீக்குவதும், அது எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்வதும் இந்த ஒரே அறுவையில் நடக்கின்றன. அதனால் இது அரைகுறையானால் பின்னால் வரும் எல்லாமே தவறான கணக்கில் போகும்.

அறுவைக்குமுன் சிறுநீரில் கிருமி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

டாக்டரிடம் முன்கூட்டியே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று: கட்டியின் அடியிலிருக்கும் தசையையும் எடுத்துத் தனி டப்பாவில் அனுப்புவீர்களா? இரண்டு: அறுவை முடிந்ததும் பைக்குள் ஒரு டோஸ் மருந்து விடுவீர்களா? வீரியம் குறைந்த கட்டி என்று தோன்றினால் 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, மைட்டோமைசின் 40 மில்லிகிராம் அல்லது ஜெம்சிட்டபின் 2 கிராம் என்ற கீமோ மருந்தை விடுவது மிதக்கும் செல்கள் மறுபடி ஒட்டாமல் தடுக்கும். பைச்சுவரில் ஓட்டை விழுந்திருந்தாலோ ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ விடமாட்டார்கள். அது சரியான முடிவுதான்.

சிறிய ஆஸ்பத்திரிகளில், சோதனைக்காகச் சீவி எடுத்த பயாப்சித் துண்டுகளை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவது நம் ஊரில் வழக்கம். டப்பாவில் இருப்பது ஃபார்மலின்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீரில் போட்டால் திசு அழுகிவிடும். துண்டுகள் முழுகி, அவற்றின் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். எல்லா டப்பாவிலும் பெயர், வயது, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறுவைக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாள் டியூப் இருக்கும், உப்புநீர் ஓடிக்கொண்டே கழுவும். டியூபோடு இணைத்த வெளிப்பையில் சேரும் நீர் நின்றுபோய், அடிவயிறு உப்பி வலித்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று பொருள். கூட இருப்பவர் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தபின் இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கலாம். இரண்டு மூன்று வாரம் மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது, பைக், டிராக்டர் எதுவும் வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் ரத்தம் கசியும். பத்தாம் நாள், பதினாலாம் நாள் வாக்கில் மறுபடி கொஞ்சம் சிவப்பு தெரியும். உள்ளே பொருக்கு உதிர்வதால் வருவது அது. தண்ணீர் கூட்டினால் தெளியும். கட்டிகட்டியாக வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ ஆஸ்பத்திரி.

படி 5: பயாப்சி ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

ஆழம்: ‘டி.ஏ.’ என்றால் உள்தோலோடு நிற்கிறது. ‘டி.1’ என்றால் இணைப்புப் படலத்துக்குள் இறங்கியிருக்கிறது, தசையைத் தொடவில்லை. ‘டி.2’ என்றால் தசை, அது ஆரம்பநிலை அல்ல. ‘சி.ஐ.எஸ்.’ என்பது தட்டையாகப் பரவும் வகை. ஆழமில்லை, ஆனால் எப்போதும் வீரியமானது. வீரியம்: ‘லோ கிரேடு’, ‘ஹை கிரேடு’ என இரண்டில் ஒன்று.

மூன்றாவது வரியைத்தான் பலர் படிப்பதில்லை: மாதிரியில் தசை இருந்ததா? ‘தசை இல்லை’ என்று இருந்தால் ‘தசையில் நோய் இல்லை’ என்று அர்த்தமில்லை, பார்க்கவே இல்லை என்று அர்த்தம். தசை இல்லாத டி.1 மாதிரிகளில், மறுபடி சுரண்டும்போது ஏறக்குறைய பாதிப் பேர் வரை நோய் தசைக்குள் இறங்கியிருந்தது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே டி.1 என்றாலும், ஹை கிரேடு கட்டியில் தசை வராவிட்டாலும், முதல் அறுவையில் கட்டி மிச்சமிருந்தாலும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இரண்டாவது முறை சுரண்ட வேண்டும். “ஒருமுறை செய்தாயிற்றே, திரும்ப எதற்கு? பணம் பிடுங்கவா?” என்ற கேள்வி குடும்பத்தில் எழுவது இங்கேதான். இதில் டாக்டர் பக்கம்தான் நியாயம். சந்தேகம் தீராவிட்டால் உங்கள் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கி வேறு நிபுணரிடம் காட்டலாம்.

இதை வைத்து மூன்று பிரிவு. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான, ஒற்றை, லோ கிரேடு டி.ஏ. கட்டி என்றால் அபாயம் குறைவு. முன்பு சொன்ன ஒரு டோஸ் போதும். பலவாகவோ திரும்பத் திரும்பவோ வரும் லோ கிரேடு கட்டிகள் நடுத்தரம். பைக்குள் வாராவாரம் கீமோ அல்லது ஓராண்டு பிசிஜி (காசநோய்த் தடுப்பு மருந்து; படி 6 பாருங்கள்). ஹை கிரேடு, டி.1, சி.ஐ.எஸ். மூன்றும் அதிக அபாயம். பிசிஜி மூன்றாண்டு வரை.

படி 6: பைக்குள் விடும் பிசிஜி

குழந்தைக்குப் பிறந்ததும் தோளில் போட்டுத் தழும்பாகும் அதே காசநோய்த் தடுப்புக் கிருமிதான், பல மடங்கு அதிக அளவில். 1976-இல் கனடாவின் ஆல்வாரோ மொராலெஸ் இதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி பைச்சுவரைச் சீண்டி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அங்கே வரவழைக்கிறது. தோளில் ஏற்கெனவே போட்டிருப்பது இதற்கு ஈடாகாது.

சுரண்டிய புண் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு, வாரம் ஒன்றாக ஆறு டோஸ். பிறகு 3, 6, 12, 18, 24, 30, 36-ஆம் மாதங்களில் வாராவாரம் மும்மூன்று டோஸ். ஒரு டோஸின் அளவு, தயாரிப்பைப் பொறுத்து மாறும். இந்தியாவில் கிடைப்பது பெரும்பாலும் 40 மில்லிகிராம் குப்பிகள், ஒரு முறைக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம். மருந்துத் தட்டுப்பாடு வந்த காலங்கள் உண்டு. ஆகவே தொடங்குமுன் ஆறு டோஸும் கைக்கு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தை நீங்களே வாங்கி எடுத்துப்போக வேண்டியிருந்தால் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக், இரண்டுக்கும் நடுவே மடித்த துணி. குப்பி ஐஸில் நேரடியாகப் படக்கூடாது, வெயிலும் படக்கூடாது. சித்திரை வெயிலில் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் கைப்பையில் வைத்துக் கொண்டுபோன மருந்து உயிரோடு இருக்காது. ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே அன்று வாங்குவது மேல்.

அன்றைய நடைமுறை இது. நான்கு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், டீ, காபியைக் குறையுங்கள்; அப்போதுதான் அடக்க முடியும். மெல்லிய டியூப் வழியாக 50 மில்லி உப்புநீரில் கரைத்த மருந்தை விட்டு டியூபை எடுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் முடியவில்லை என்றால் அது தோல்வியல்ல, டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், தெறிக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, இருபது நிமிடம் விட்டுப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். கொல்லைப்புறத்தில், வாய்க்கால் ஓரத்தில் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து வெளியேறியபின் நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஒரு வாரம் வரை தாம்பத்தியத்தில் ஆணுறை தேவை.

இரண்டு நாள் எரிச்சல், அடிக்கடி போவது, லேசான காய்ச்சல், உடம்பு வலி ஆகியவை மருந்து வேலைசெய்வதன் அடையாளம். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், நடுக்கம் வந்தாலும் மருந்துக்கிருமி ரத்தத்தில் பரவியிருக்கலாம். உள்ளூர் டாக்டரிடம் போனால் “பைக்குள் பிசிஜி போட்டிருக்கிறேன்” என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டெங்கு, டைஃபாய்டு என்று வேறு வழியில் போய்விடும். கடுப்புக்காக மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வாங்கிப் போடாதீர்கள். அவை பிசிஜி கிருமியையே கொன்றுவிடும்.

சிறுநீரில் ரத்தம் தெரியும் நாளிலும், நீர்க்கடுப்புக்கான கிருமித் தொற்று இருக்கும்போதும், டியூப் போடும்போது காயப்பட்டு ரத்தம் வந்தாலும் அந்த டோஸைத் தள்ளிவைக்க வேண்டும். காசநோய் இருப்பவருக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கும் இந்த மருந்தே கூடாது.

படி 7: திரும்பத் திரும்பப் பார்ப்பது

இந்தக் கட்டி வயலில் கோரைபோல: மேலே பிடுங்கிவிட்டாலும் வேறொரு இடத்தில் தலைகாட்டும். 2,596 பேரை வைத்து 2006-இல் வெளியான ஐரோப்பியக் கணக்கில், ஓராண்டுக்குள் திரும்பும் வாய்ப்பு பிரிவைப் பொறுத்து 15 முதல் 61 விழுக்காடு. ஐந்தாண்டில் 31 முதல் 78. ஐந்தாண்டில் தசைக்குள் இறங்கும் வாய்ப்பு, குறைந்த அபாயப் பிரிவில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே, மிக அதிக அபாயத்தில் 45. இன்றைய முறைப்படி பிசிஜி பெற்றவர்கள் அதில் குறைவு என்பதால் இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் தேதியைத் தவறவிடவும் வேண்டாம்.

எல்லாருக்கும் மூன்றாம் மாதம் சிஸ்டாஸ்கோப்பி. அதில் தெளிவாக இருந்தால், குறைந்த அபாயக்காரருக்கு ஓராண்டு நிறைவில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தாண்டு வரை. அதிக அபாயம் என்றால் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு ஒருமுறை. கூடவே சைட்டாலஜியும் ஆண்டுதோறும் சி.டி.யும். ரத்தம் வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், சம்பா அறுவடை முடியட்டும் என்று தள்ளுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. திரும்பிவரும் சிறு கட்டி எந்த அறிகுறியும் காட்டாது. அடுத்த தேதியைக் கொடுக்கும்போதே அது நடவிலோ அறுவடையிலோ விழுந்தால் ஒரு வாரம் முன்னே பின்னே மாற்றிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

புகையை விடுவதும் சிகிச்சையில் சேர்த்தி. நோய் வந்தபின் விட்டு என்ன பயன் என்பார்கள். தொடர்ந்து புகைப்பவருக்குக் கட்டி திரும்புவது அதிகம்.

செலவும் காகிதமும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. ஸ்மார்ட் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் தேவை. அறுவை, மருந்து, மறு அறுவை ஆகியவற்றில் எது எதற்கு அனுமதி கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். பில் கட்டியபின் கேட்டுப் பயனில்லை. சந்தேகத்துக்கு 104 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நகருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை வேறு, வல்லம் சாலையிலிருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறு. திருச்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போவதானாலும் யூராலஜி ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு ஃபைலில் எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள்: அறுவைக் குறிப்பு, ஒவ்வொரு பயாப்சி ரிப்போர்ட்டும், சி.டி. படங்கள் பதிந்த டிஸ்க், பிசிஜி போட்ட தேதிகள், சிஸ்டாஸ்கோப்பி முடிவுகள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டியின் எண்ணிக்கை, அளவு, இடம் எழுதப்படாமல் இருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பிசிஜி முழுதாகப் போட்டும் ஹை கிரேடு கட்டி திரும்பினால், தசைக்குள் இறங்குமுன் சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவது பற்றி டாக்டர் பேசுவார். சிறுகுடலின் ஒரு துண்டால் வழி அமைத்து வயிற்றில் ஒட்டும் பையில் சிறுநீரைச் சேகரிப்பது அதில் பரவலான முறை. அந்த முடிவை எடுக்கப்போகும் நிபுணர் முதலில் புரட்டுவது இந்த ஃபைலைத்தான்.